ஒன்றாம் எண் எங்கே போகிறது?

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் பாம்புக்கடி கேஸ் கூடிவிடும். வயலில் தண்ணீர் ஏறினால் எலி வரப்புக்கு வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். வெறுங்காலோடு நடக்கிற மனிதர்கள் ஏற்கெனவே அந்த வரப்பில்தான் இருப்பார்கள். அப்படி ஒரு பருவத்தில் பார்த்த கேஸ்களை வைத்து ஒரு பிஜி மாணவர் தன் முதல் கட்டுரையை எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்பினார். இரண்டே நாளில் திரும்பி வந்துவிட்டது. மதிப்பீட்டாளர் கைக்கே போகவில்லை. ‘ரெஃபரன்ஸ்கள் எங்கள் முறைப்படி இல்லை, திருத்தி அனுப்பவும்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

நான் டெல்டாவில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “கமா, புள்ளிதான் சார் பிரச்சினை. அரை மணி நேரத்துல முடிச்சிரலாம்” என்றார். சரி என்று கட்டுரையைத் திறந்தோம். முதல் வாக்கியம்: இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 50,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள். பக்கத்தில் 1 என்று ஓர் எண்.

அந்த ஒன்றாம் எண்ணைப் பட்டியலில் தேடிப் போனால், அது ஒரே ஒரு நோயாளியைப் பற்றிய கேஸ் ரிப்போர்ட். அதன் முதல் வாக்கியமும் இதேதான், அங்கேயும் ஓர் எண். அந்த எண் ஒரு தொகுப்புக் கட்டுரைக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து இன்னொரு எண்ணைப் பிடித்துப் போனபிறகுதான், ஆள் வைத்து வீடு வீடாகக் கேட்டு எண்ணிய ஆய்வு வந்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது 50,000 அல்ல. 2005ஆம் ஆண்டுக்கு 45,900 சாவுகள் என்று மதிப்பிட்டிருந்தது. வழியில் யாரோ ஒருவர் முழு எண்ணாக்கியிருக்கிறார். ஆண்டையும் யாரோ உதிர்த்துவிட்டார்கள்.

எங்கள் அரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது.

இந்தக் கட்டுரை கமா, புள்ளி பற்றியதுதான். ஆனால் அவை எதற்காக என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால் ஒவ்வொரு ஜர்னலுக்கும் புதிதாக மனப்பாடம் செய்யவேண்டி வரும். நீங்கள் ஒரு விஷயத்தை எங்கே பார்த்தீர்களோ அந்த இடத்துக்கு இன்னொருவர் தானாக நடந்து போய்ச் சேரவேண்டும். அதற்கான விலாசம்தான் ரெஃபரன்ஸ். கதவு எண், தெரு, பின்கோடு மாதிரி அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

நம் பழைய நூல்களில் இந்தப் பழக்கம் வேறு மாதிரி இருந்தது. ‘என்மனார் புலவர்’ என்று சொன்னால் போதும், எந்தப் புலவர் என்று கேட்கமாட்டார்கள். உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டுவார்கள், ஆனால் எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். படிப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. தெரிந்தவர்கள் போனபிறகு என்ன ஆகும்? பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். நச்சினார்க்கினியர் உரையில் வந்த மேற்கோள் வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று கண்டுபிடிக்கவே அவர் ஊர் ஊராக ஏடு தேடவேண்டியிருந்தது. 1887இல் அந்தப் பதிப்பு வந்தது. விலாசம் இல்லாத மேற்கோள் எவ்வளவு வேலை வைக்கும் என்பதற்கு எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கும் சாட்சி அவர்.

மருத்துவ ஜர்னல்களுக்கு வருவோம். முன்பு ஒவ்வொரு ஜர்னலும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. ஓர் இடத்தில் நிராகரித்தால் அடுத்த இடத்துக்கு அனுப்பக் கட்டுரை முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யவேண்டும். 1978இல் பொது மருத்துவ ஜர்னல்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறையைப் பேசி முடிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது. அந்தக் குழுதான் பிறகு ஐசிஎம்ஜேஇ என்ற சர்வதேசக் குழுவாக வளர்ந்தது. ரெஃபரன்ஸ் எழுதும் விதத்தை வகுத்துக் கொடுத்தது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகமான என்எல்எம். கூடிய ஊரின் பெயரே முறைக்கும் ஒட்டிக்கொண்டது: வான்கூவர் முறை.

இதன் அடிப்படை ரொம்ப எளிது. கட்டுரையில் எந்தச் சான்று முதலில் வருகிறதோ அதற்கு 1, அடுத்ததற்கு 2. அகர வரிசை கிடையாது. ஒரே சான்று பத்தாவது பக்கத்தில் மறுபடி வந்தாலும் அதே பழைய எண்தான். கடைசியில் அந்த எண் வரிசைப்படியே பட்டியல். சமூக அறிவியல்காரர்கள் பெயரும் ஆண்டும் போட்டு எழுதுவார்கள். அதை ஹார்வர்டு முறை என்பார்கள். மருத்துவத்தில் ஒரே வாக்கியத்துக்கு ஐந்து சான்று சர்வசாதாரணம். ஐந்து பெயரும் ஐந்து ஆண்டும் நடுவில் வந்தால் வாக்கியம் மூச்சுத் திணறிப்போகும். எண் என்றால் கண் தாண்டிப் போய்விடும்.

இப்போது அந்தப் பாம்புக்கடி ஆய்வையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் கட்டுரையில் இது ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே ஓசையை மட்டும் தமிழில் எழுதிக் காட்டுகிறேன், நிறுத்தற்குறிகளைக் கவனியுங்கள்:

மொஹபாத்ரா பி, வாரல் டிஏ, சுரவீரா டபிள்யூ, பாட்டியா பி, திங்ரா என், ஜோட்கர் ஆர்எம், எட் ஆல். ஸ்னேக்பைட் மார்ட்டாலிட்டி இன் இந்தியா: எ நேஷனலி ரெப்ரசென்டேட்டிவ் மார்ட்டாலிட்டி சர்வே. பிஎல்ஓஎஸ் நெக்ல் ட்ராப் டிஸ். 2011;5(4):இ1018.

முதலில் பெயர்கள். குடும்பப் பெயர், ஓர் இடைவெளி, இனிஷியல். இனிஷியலுக்குப் புள்ளி கிடையாது. இரண்டு இனிஷியல் இருந்தால் நடுவில் இடைவெளியும் கிடையாது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கமா, எல்லோரும் முடிந்ததும் ஒரு புள்ளி. ஆறு பேர் வரை எல்லாரையும் எழுதவேண்டும். அதற்கு மேல் போனால் முதல் ஆறு பேர், பிறகு ‘எட் ஆல்’. லத்தீனில் ‘மற்றவர்களும்’ என்று பொருள். இந்த ஆய்வை எழுதியவர்கள் பத்துப் பேர். ஒன்பதாவதாக இருப்பவர் ராமுலஸ் விட்டேக்கர், சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கியவர். பாம்பு என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவு வரும் மனிதர் இந்தப் பட்டியலில் ‘எட் ஆல்’ என்பதற்குள் காணாமல் போகிறார். என்ன செய்வது, முறை அப்படி. ஏஎம்ஏ என்ற அமெரிக்க மருத்துவச் சங்க முறையில் இன்னும் கறார்: ஆறுக்கு மேல் போனால் முதல் மூன்று பேரோடு நிறுத்திவிடவேண்டும். அனுப்பப்போகும் ஜர்னல் எதைக் கேட்கிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

அடுத்தது தலைப்பு. முதல் சொல்லின் முதல் எழுத்தும் இந்தியா போன்ற சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில். ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குவதுதான் புதிதாக எழுதுபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை. தமிழில் இந்தப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தொல்லையே இல்லை. தலைப்புக்கு மேற்கோள் குறியும் வேண்டாம்.

பிறகு ஜர்னல் பெயர், சுருக்க வடிவில். ‘பப்ளிக் லைப்ரரி ஆஃப் சயன்ஸ் நெக்லெக்டட் டிராபிகல் டிசீசஸ்’ என்று முழுதாக எழுதுவதில்லை. சுருக்கத்தை நீங்களாக உருவாக்கவும் கூடாது. என்எல்எம் கேட்டலாக் என்ற இணையப் பட்டியலில் ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒரே ஒரு அதிகாரபூர்வச் சுருக்கம் இருக்கிறது. நம் டாக்டர்கள் ஒரு ஜர்னலைப் பேச்சில் ‘ஜாப்பி’ என்பார்கள். பட்டியலில் அதை ‘ஜே அசோக் பிசிஷியன்ஸ் இந்தியா’ என்றுதான் எழுதவேண்டும். லான்செட் மாதிரி ஒரே சொல்லாக இருக்கும் பெயரைச் சுருக்குவதே இல்லை. இன்னொன்று: ஜர்னல் பெயர் மாறியிருந்தால், கட்டுரை வந்த காலத்தில் என்ன பெயரோ அதுதான். ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 1988இல்தான் அதிகாரபூர்வமாக பிஎம்ஜே ஆனது. அதற்கு முந்திய கட்டுரைக்கு பிஎம்ஜே என்று போட்டால் தேடுபவர் தடுமாறுவார்.

கடைசியில் எண்கள். 2011 ஆண்டு, அரைப்புள்ளி, 5 தொகுதி, அடைப்புக்குள் 4 இதழ், முக்காற்புள்ளி, அதன் பிறகு பக்கம். நடுவில் எங்கும் இடைவெளி இல்லை. இந்தக் கட்டுரைக்குப் பக்க எண்ணே கிடையாது, ஏனென்றால் அது அச்சில் வரவில்லை. இணையத்தில் மட்டும் வரும் ஜர்னல்கள் பக்கத்துக்குப் பதிலாக இ1018 போல ஓர் அடையாள எண் தருகின்றன. பக்கம் காணோம் என்று சிலர் பிடிஎஃப்பை எண்ணி 1-8 என்று போட்டுவிடுகிறார்கள். அப்படி எண்ணிப் போடவேண்டாம். பக்கம் இருந்தால் என்எல்எம் முறையில் 284-7 என்று சுருக்குவார்கள், ஏஎம்ஏ முறையில் 284-287 என்று முழுதாக எழுதுவார்கள்.

இனி நம் ஆட்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல்: பெயர்.

வான்கூவர் முறை குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காக உண்டானது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். ஆச்சரியமாக, இந்தப் பழைய வழக்கம் வான்கூவருக்கு அழகாகப் பொருந்துகிறது. கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த எஸ். ராமானுஜன், பட்டியலில் ‘ராமானுஜன் எஸ்’. எஸ் என்பது ஸ்ரீனிவாச, அது அவர் அப்பா பெயர். அதே கும்பகோணத்தில் 1925இல் ஒரு டாக்டருக்கு மகனாகப் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் ‘சுவாமிநாதன் எம்எஸ்’ ஆகிறார். எம் என்பது குடும்பத்தின் பூர்வீக ஊரான மான்கொம்பு, எஸ் அப்பா சாம்பசிவன். இருவருமே தங்கள் சொந்தப் பெயரில்தான் நிற்கிறார்கள்.

இனிஷியலை விரித்து எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. ஒரு பேச்சுக்கு, கலியபெருமாள் மகன் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் கே. செந்தில்குமார். பாஸ்போர்ட்டுக்காக செந்தில்குமார் கலியபெருமாள் ஆனார். ஜர்னலின் இணையப் படிவம் ‘லாஸ்ட் நேம்’ கேட்டபோது கலியபெருமாள் என்று நிரப்பினார். கட்டுரை வந்தது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளமான பப்மெட்டில் ஆசிரியர் ‘கலியபெருமாள் எஸ்’. தஞ்சாவூர் பக்கம் நெல் விற்றுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு மருத்துவ ஆராய்ச்சியில் பெயர் சேர்ந்தது. மகனின் முந்தைய இரண்டு கட்டுரைகள் ‘செந்தில்குமார் கே’ என்ற இன்னொருவர் கணக்கில் இருக்கின்றன. பெண்களுக்கு இது இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல், ஆக ஒரே டாக்டர் இரண்டு ஆளாகப் பதிவாகிறார்.

உங்கள் முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். கூடவே ஆர்கிட் எண் ஒன்று வாங்கிவிடுங்கள். 16 இலக்க அடையாள எண், இலவசம், 2012இலிருந்து இருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. அடுத்தவர் பெயரை எழுதும்போது அவர் கட்டுரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். ‘கலியபெருமாள் எஸ்’ என்று இருந்தால், உங்களுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தாலும், திருத்தாதீர்கள். திருத்தினால் தேடுபவருக்குக் கிடைக்காது.

ஆசிரியர் இடத்தில் ஆளே இல்லாமல் நிறுவனம் மட்டும் இருக்கும் கட்டுரைகளும் உண்டு. காசநோய்க்கு சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்துத்தான் பார்க்கவேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்று சென்னையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது: தொகுதி 21, பக்கம் 51-144. வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்று காட்டி உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை மாற்றியது அது. ஆசிரியர்: ‘டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர், மெட்ராஸ்’. அந்த நிறுவனம் இரண்டு முறை பெயர் மாறி இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது, மெட்ராஸும் சென்னையாகிவிட்டது. பட்டியலில் அன்றைய பெயர்தான் வரவேண்டும். பழைய கட்டுரையின் தலைப்பில் ‘டேஞ்சூர்’ என்றிருந்தால், நமக்குத் தஞ்சாவூர்ப் பற்று எவ்வளவு இருந்தாலும், டேஞ்சூராகவே விட்டுவிடவேண்டும்.

சரி, பட்டியல் தயார். கட்டுரைக்குள் எண்ணை எங்கே போடுவது? சில ஜர்னல்கள் வரிக்கு மேலே சின்னதாகக் கேட்கும், சில சதுர அடைப்புக்குள் கேட்கும். மேலே போடும் ஏஎம்ஏ முறையில் புள்ளிக்கும் கமாவுக்கும் பிறகு எண் வரும். அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் முன்னால் வரும். அடைப்புக்குறி முறையில் பெரும்பாலும் புள்ளிக்கு முன்னால். மூன்று, நான்கு, ஐந்து என்று தொடர்ந்தால் 3-5. இடைவெளி விட்டால் 3,5.

மேலே போடும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு அளவைச் சொல்லி முடித்த கையோடு எண்ணை ஒட்டினால் அது கணக்கில் அடுக்கு மாதிரி தெரியும். பிளேட்லெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி 5 நின்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி எண்ணை வேறு சொல்லுக்குப் பக்கத்தில் தள்ளிவிடுங்கள். அப்புறம், ஒரே வாக்கியத்தில் இரண்டு தகவல், இரண்டு மூலம் என்றால் இரண்டு எண்ணையும் கடைசியில் கொண்டுபோய்க் குவிக்காதீர்கள். எது எதற்கு என்று தெரியும்படி அதது பக்கத்தில் போடவேண்டும்.

அட்டவணைக்குள் மட்டும் வரும் சான்றுகளை எல்லோரும் மறக்கிறார்கள். அந்த அட்டவணையைக் கட்டுரையில் முதலில் குறிப்பிடும் இடம் எதுவோ, அந்த இடத்தில் வருவதாக வைத்து எண் கொடுக்கவேண்டும். எனக்கே இதில் ஒரு சூடு பட்ட கதை உண்டு. மென்பொருள் பழகாத காலத்தில் ஒரு கட்டுரைக்கு எண்களைக் கையால் போட்டுக் கொடுத்தேன். கடைசி நேரத்தில் கைடு முன்னுரையில் ஒரு சான்றைச் சேர்க்கச் சொன்னார். எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போயிற்று. கட்டுரையில் தள்ளினேன், அட்டவணையில் தள்ள மறந்தேன். விஷமுறிவு மருந்தின் அளவுக்குப் போட்டிருந்த எண் எலிக்காய்ச்சல் கட்டுரைக்குப் போனது. மதிப்பீட்டாளர் அதைக் கண்டுபிடித்து, ரொம்ப மரியாதையாக, ‘இந்தச் சான்றின் பொருத்தம் எனக்குப் புரியவில்லை’ என்று எழுதியிருந்தார். அந்த மரியாதை இன்னும் உறுத்துகிறது.

ஆகவே ரெஃபரன்ஸ்களைச் சேர்த்து வைத்து எண் போட்டுத் தரும் மென்பொருள் பழகுங்கள். ஜோட்டெரோ இலவசம். மெண்டலேயும் காசில்லாமல் கிடைக்கும். எண்ட்நோட்டுக்குப் பணம் கட்டவேண்டும், சில கல்லூரிகள் வாங்கி வைத்திருக்கும். வேர்டில் எழுதும்போதே சான்றைச் செருகினால் எண்கள் தாமாக மாறிக்கொள்ளும். வான்கூவரிலிருந்து ஏஎம்ஏவுக்கு மாற்ற ஒரு சொடுக்கு போதும். ஆனால் அது உள்ளே போட்டதைத்தான் வெளியே தரும். இணையப் பக்கத்திலிருந்து இழுத்துப் போட்ட விவரத்தில் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கலாம், இதழ் எண் விடுபட்டிருக்கலாம், நிறுவனத்தின் பெயரை ஓர் ஆளின் பெயராக நினைத்து ‘மெட்ராஸ் டிசி’ என்று வெட்டிப் போட்டிருக்கலாம். நான் சொல்லிக்கொடுக்கும் வழி: முதலில் பப்மெட்டில் அந்தக் கட்டுரையைக் கண்டுபிடித்து அங்கிருந்து இறக்குங்கள். பப்மெட்டிலேயே ‘சைட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் ஏஎம்ஏ, என்எல்எம் வடிவங்கள் ஆயத்தமாக வரும். வால்போல் ஒட்டிவரும் கூடுதல் எண்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஜர்னலின் விதியைப் பார்த்து வெட்டிக்கொள்ளலாம். டிஓஐ என்று 10இல் தொடங்கும் எண்ணை மட்டும் விதி தடுக்காத வரை வெட்டவேண்டாம். இணையத்தில் முகவரி மாறினாலும் அந்த எண் கட்டுரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

புத்தகத்துக்கு வேறு வரிசை: ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஊர், பதிப்பகம், ஆண்டு. நம் ஊரில் சமூக மருத்துவம் என்றாலே பார்க் எழுதிய பாடப்புத்தகம்தான். ஜபல்பூரில் பனார்சிதாஸ் பனோட் வெளியீடு. ‘பார்க்’ என்று மட்டும் போட்டால் விலாசம் ஆகாது. பதிப்புக்குப் பதிப்பு அதில் புள்ளிவிவரங்கள் மாறும், பக்கமும் மாறும். ஆகவே எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் இரண்டும் வேண்டும். உண்மையைச் சொன்னால் ஆய்வுக் கட்டுரைக்குப் பாடப்புத்தகம் அவ்வளவு நல்ல சான்று அல்ல. அந்த எண் பார்க் புத்தகமும் வேறு எங்கிருந்தோ எடுத்ததுதான், நீங்கள் அந்த இடத்துக்கே போய்விடலாம். இணையப் பக்கமென்றால் நீங்கள் பார்த்த தேதியையும் எழுதுங்கள், ஏனென்றால் நாளைக்கே அந்தப் பக்கத்தை மாற்றிவிடுவார்கள்.

பட்டியலுக்குள் வரக்கூடாதவையும் உண்டு. ‘பேராசிரியர் நேரில் சொன்னார்’ என்பது பட்டியலில் வராது. அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பெயரும் தேதியும் கட்டுரைக்குள்ளேயே அடைப்பில் வரவேண்டும். அனுப்பி, இன்னும் ஏற்கப்படாத கட்டுரையும் அப்படித்தான். மாநாட்டில் வாசித்த சுருக்கங்களை ஐசிஎம்ஜேஇ விரும்புவதில்லை.

இனி நான் முதலில் சொன்ன 50,000க்குத் திரும்புகிறேன்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரியும். வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மறுபடி பிரியும். அப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று போய்த் தலைஞாயிறு, வேதாரண்யம் கடைமடைக்கு வரும்போது அதில் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று கடைமடைக்காரருக்குத்தான் தெரியும். மூலக் கட்டுரையைப் படிக்காமல், அதை மேற்கோள் காட்டிய இன்னொரு கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்வது கடைமடையில் குடம் முக்கிவிட்டு மேட்டூர்த் தண்ணீர் என்று சொல்வதுதான்.

இதில் உலகப் புகழ்பெற்ற ஒரு கதை இருக்கிறது. 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்து போதை வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், ஓரளவு நன்றாகப் பதிவான அடிமைப்பழக்கம் நான்கு பேருக்கு மட்டுமே என்றது அது. மருத்துவமனையில், கண்காணிப்பில் பெற்றவர்களைப் பற்றிய செய்தி. பிறகு வந்தவர்கள் அதைக் காட்டி, இந்த மருந்துகளை வீட்டில் நீண்டநாள் கொடுத்தாலும் ஆபத்தில்லை என்பதுபோல் எழுதினார்கள். 2017இல் அதே ஜர்னலில் சிலர் கணக்கெடுத்தார்கள்: அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டியவை 608. அதில் 72.2 சதவீதம், அடிமைப்பழக்கம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டின. 80.8 சதவீதம், அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. தொகுதி எண், பக்க எண் எல்லாம் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். விலாசம் எழுதியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

இது ஒரு தனிக்கதை என்று நினைக்கவேண்டாம். மருத்துவ ஜர்னல்களில் மேற்கோள்கள் எவ்வளவு சரி என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் பியர்ஜே ஜர்னலில் வந்த கட்டுரை, ஏறக்குறைய நான்கில் ஒரு மேற்கோள் பிழை என்கிறது. 11.9 சதவீதம் பெரும்பிழை, அதாவது மூலக் கட்டுரை அப்படிச் சொல்லவே இல்லை.

வெளியான பிறகு செல்லாது என்று திரும்பப் பெற்ற கட்டுரைகளையும் கவனிக்கவேண்டும். கொரோனா காலத்தில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி லான்செட்டில் 2020 மே 22இல் வந்த கட்டுரையை இரண்டே வாரத்தில், ஜூன் 4இல், திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பலர் பிடிஎஃப்பை இறக்கி வைத்துவிட்டார்கள். இறக்கி வைத்த பிடிஎஃப் தன்னைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்று சொல்லாது. பப்மெட்டில் அதே கட்டுரையைத் திறந்தால் தலைமேலேயே எழுதியிருக்கும். ஜோட்டெரோவும் சிவப்பில் எச்சரிக்கும்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி: செயற்கை நுண்ணறிவிடம் ‘இதற்கு ஐந்து ரெஃபரன்ஸ் கொடு’ என்று கேட்பது. கேட்டால் கொடுக்கும். பெயர், ஜர்னல், தொகுதி, பக்கம், டிஓஐ எல்லாம் கச்சிதமான வான்கூவர் முறையில் வரும், ஒரு கமா பிசகியிருக்காது. சில சமயம் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது. ஊரே இல்லாத இடத்துக்குப் பின்கோடோடு விலாசம். செயற்கை நுண்ணறிவு எழுதியதை முதன்மைச் சான்றாகக் காட்டக்கூடாது என்று ஐசிஎம்ஜேஇ 2024இல் சொல்லிவிட்டது. அது கொடுத்த பட்டியலை வேறிடத்தில் சரிபார்க்காமல் ஒட்டுவதும் என்னைக் கேட்டால் அதற்குச் சமம்தான்.

அந்தப் பிஜி மாணவர் மறுநாள் மாலையும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். ஒன்றாம் எண்ணை 2011 ஆய்வுக்கு மாற்றினோம். பிறகு அவரே தேடி, ஈலைஃப் ஜர்னலில் 2020இல் வந்த இன்னொரு ஆய்வைக் கொண்டுவந்தார். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், சராசரியாக ஆண்டுக்கு 58,000 என்கிறது அது. “எதப் போடட்டும் சார்?” என்றார். இரண்டையும் போட்டு, எது எந்தக் காலத்துக் கணக்கு என்று வாக்கியத்திலேயே சொல்லச் சொன்னேன். மொத்தம் 23 சான்றுகள். ஒவ்வொன்றின் டிஓஐயையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கினோம். 21 திறந்தன. ஒன்றில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தது, சரிசெய்ததும் திறந்தது. இன்னொன்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் அந்த வாக்கியத்தோடு சேர்த்து அழித்துவிட்டார்.